ஒரு மழை வரைபடத்தின் பூர்வீகம்

2015 டிசம்பர் 1 அன்று அடையாறு வடிநிலத்தில் எவ்வளவு மழை பெய்தது? எங்கள் ஆய்வுக் குழுவின் சர்வரில் இந்தக் கேள்விக்கு மூன்று பதில்கள் இருந்தன. மூன்றும் படங்கள், மூன்றும் ஒரே கோப்புறையில்: 'இறுதி', 'இறுதி2', 'இறுதி_சரியானது'. பட்டைகளின் உயரம் மட்டும் மூன்றிலும் வேறு வேறு. அறிக்கைக்குள் போனது எது என்று கேட்டால் 'இறுதி2' என்று சொல்ல ஆள் இருந்தது. அது எந்தத் தரவிலிருந்து, எந்த நிரலால், எந்தக் கணக்கில் வந்தது என்று கேட்டால் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வரைந்தவர் வேறு வேலைக்குப் போய் வெகுகாலம் ஆகிறது.

மூன்றில் எது சரி என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை. இனிமேல் எந்தப் படத்தைப் பற்றியும் இப்படிக் கேள்வி எழாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை. இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன். நிலம் வாங்கப் போகிறவர் மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் கேட்கிறாரே, அதுபோல ஒவ்வொரு முடிவும் தன் மூலத்தைத் தானே காட்ட வேண்டும் என்பது திட்டம். கூடவே ஒரு நிபந்தனை: அந்தப் பதிவை மனிதர் யாரும் எழுதக் கூடாது. 'ஒவ்வொரு ஓட்டத்தையும் நோட்டில் குறித்து வைக்கவும்' என்ற விதி எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. நோட்டும் இருந்தது. அவசரம் இல்லாத நாட்களில் மட்டும் அதில் எழுத்து இருந்தது.

மூலத் தரவு

முதலில் கைவைத்தது மூலத் தரவில். இரண்டு வகை இருந்தது. ஒன்று இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கட்டத் தரவு, அதாவது நாட்டைச் சம இடைவெளிப் புள்ளிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தரும் மழை அளவு. 0.25 பாகை இடைவெளியில், தீர்க்கரேகை 66.5 முதல் 100 வரை 135 புள்ளிகள், அட்சரேகை 6.5 முதல் 38.5 வரை 129 புள்ளிகள். ஆண்டுக்கு ஒரு பைனரிக் கோப்பு. அதில் தலைப்பு கிடையாது, தேதி கிடையாது, அலகு கிடையாது. ஒரு எண்ணுக்கு 4 பைட் வீதம் நாள்வாரியாக வெறும் எண்கள், தரவில்லாத இடங்களில் -999.

இப்படிப்பட்ட கோப்பைத் தானே பேச வைக்க முடியுமா என்று பார்த்தேன். எங்களிடம் இருந்த 2015 கோப்பின் அளவு 25,425,900 பைட். 135, 129, 4, 365 ஆகிய நான்கையும் பெருக்கினால் ஒரு பைட்கூடப் பிசகாமல் அதே எண் வருகிறது. லீப் ஆண்டாக இருந்தால் 25,495,560 வந்திருக்க வேண்டும். ஆக, இது லீப் அல்லாத ஏதோ ஓர் ஆண்டின் முழுத் தரவு என்பதுவரை தெரிகிறது. அது 2015தானா, எப்போது இறக்கியது, பிற்பாடு திருத்தி வெளியிட்ட பதிப்பா என்பதற்கெல்லாம் கோப்பு வாய் திறப்பதில்லை. இணையத்திலிருந்து மறுபடி இறக்கி, இரண்டையும் ஒப்பிட்ட பிறகுதான் அதை நம்பினேன்.

இரண்டாவது, நாசாவின் இமெர்க் செயற்கைக்கோள் மழைத் தரவு. 0.1 பாகை, அரைமணிக்கு ஒரு கோப்பு, நாளுக்கு 48. இதில் நிலைமை நேர்மாறு. கோப்பின் பெயரிலேயே தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், பதிப்பு எண் எல்லாம் உண்டு. நீளமான பெயர் என்று எரிச்சலடைந்த யாரோ ஒரு புண்ணியவான் அவற்றை 1, 2, 3 என்று 48 வரை மாற்றி வைத்திருந்தார். நல்ல வேளை, எச்டிஎஃப்5 எனும் தரவு வடிவத்தில் உள்ள அந்தக் கோப்புகளின் உள்ளே இருக்கும் தலைப்புப் பகுதியில் மூலப் பெயர், உருவாக்கப்பட்ட நேரம், டிஓஐ எனும் நிலையான அடையாள எண் ஆகியவை அப்படியே இருந்தன. ஒரு சிறிய பைத்தான் ஸ்கிரிப்டால் எல்லாவற்றையும் திறந்து, உள்ளே இருந்த பெயரை எடுத்து, வெளிப்பெயரை மீட்டேன்.

பெயர்கள் மீண்டதும் முதல் வில்லங்கம் வெளியே வந்தது. நவம்பர் 30ஆம் தேதிக் கோப்புகள் 06ஆம் பதிப்பு. டிசம்பர் 1ஆம் தேதிக் கோப்புகள் 07ஆம் பதிப்பு. இரண்டும் வெவ்வேறு வழிமுறைகளால் கணிக்கப்பட்டவை, கலக்கக் கூடாதவை. ஆனால் பழைய ஸ்கிரிப்ட் முனகாமல் கலந்துகொண்டிருந்தது. காரணம் அதன் தாராள குணம். 06ஆம் பதிப்பில் மழை அளவு இருக்கும் மாறியின் பெயருக்குக் கடைசியில் 'கால்' (Cal) என்றொரு ஒட்டு உண்டு; 07இல் அந்த ஒட்டு இல்லை. ஸ்கிரிப்டை எழுதியவர், முதல் பெயர் கிடைக்காவிட்டால் இரண்டாவதை எடுத்துக்கொள் என்று எழுதியிருந்தார். அந்த நான்கு வரிகள் இல்லாமல் இருந்திருந்தால் நிரல் அன்றே பிழை காட்டி நின்றிருக்கும், விஷயமும் அன்றே தெரிந்திருக்கும். அவற்றை நீக்கிவிட்டேன். அறிவியல் கணிப்பில் எதையும் சகித்துக்கொள்ளும் நிரல் எனக்கு ஆகாது.

பதிப்பைத் தவிர ஓட்டம் என்றும் ஒன்று உண்டு. இமெர்க் ஒரே நேரத்துக்கு மூன்று முறை வெளியாகிறது: சுமார் 4 மணி நேரத்தில் முதல் ஓட்டம், சுமார் 14 மணி நேரத்தில் அடுத்தது, நிலத்தில் உள்ள மழைமானிகளின் மாதக் கணக்கோடு சரிசெய்து ஏறக்குறைய மூன்றரை மாதம் கழித்து இறுதி ஓட்டம். வெள்ளம் வந்த வாரத்திலேயே இறக்கிய தரவும் அடுத்த ஆண்டு இறக்கிய தரவும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. எனவே பதிப்பு, ஓட்டம் இரண்டும் பதிவில் தனித்தனியாக நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பிறகு பூட்டு. மூலத் தரவுக் கோப்புறைக்கு எழுதும் உரிமையை எல்லோரிடமிருந்தும், என்னிடமிருந்தும், எடுத்துவிட்டேன். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 ஹாஷ் கணக்கிட்டு (கோப்பில் ஒரு பைட் மாறினாலும் இது மாறிவிடும்), 64 எழுத்துள்ள அந்தக் கைரேகையையும் மூலப் பெயரையும் இறக்கிய முகவரியையும் ஒரே பட்டியலாக்கி, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டில் சேர்த்தேன். தரவு பெரியது, கிட்டுக்குள் போகாது. பட்டியல் சிறியது, போகும். வடிநில எல்லைக்கான ஷேப்ஃபைலில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவைப்பட்டது. அது பெயரளவில்தான் ஒரு கோப்பு. வடிவம், சுட்டி, அட்டவணை, ஆயத்தொலை முறை என்று குறைந்தது நான்கு கோப்புகளின் கூட்டம். முதல் கோப்புக்கு மட்டும் ஹாஷ் போட்டால் ஆயத்தொலை முறைக் கோப்பு காணாமல் போனாலும் பட்டியல் 'சரி' என்றே சொல்லும்.

எட்டரை மணிக் கணக்கு

மூன்று படங்களின் முரண்பாட்டில் பெரும்பங்கு பதிப்புக் கலப்பால் வந்ததல்ல. 'நாள்' என்றால் என்ன என்பதில் வந்தது.

இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒரு தேதிக்குக் கொடுக்கும் மழை, அன்று காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்துக்கு உரியது. சென்னையை மூழ்கடித்த மழை டிசம்பர் 1ஆம் தேதி பகலிலும் இரவிலும் கொட்டியது. தாம்பரத்தில் பதிவான 49 செ.மீ. டிசம்பர் 2 காலை 8.30 வரையிலான கணக்கு. தரவில் அது 2ஆம் தேதியின் கீழ் இருக்கிறது. கட்டத் தரவில் '1 டிசம்பர்' என்று கேட்டு எடுத்தால் கிடைப்பது நவம்பர் 30 காலை முதல் டிசம்பர் 1 காலை வரை பெய்தது. ஊரே பேசும் மழை அதில் பெரும்பாலும் இல்லை.

இமெர்க் நாள் கணக்கோ யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. யூடிசி நள்ளிரவு என்பது நமக்குக் காலை 5.30. ஆக அது 5.30 முதல் மறுநாள் 5.30 வரை. 8.30 கணக்கோடு ஒப்பிட வேண்டுமானால் நாள் தரவைத் தொடவே கூடாது. அரைமணிக் கோப்புகளை எடுத்து, யூடிசி 03:00 முதல் மறுநாள் 03:00 வரை நாமே கூட்ட வேண்டும்.

பழைய ஸ்கிரிப்டின் மூன்று நகல்களையும் அருகருகே வைத்துப் படித்தபோது குட்டு உடைந்தது. 'இறுதி' வானிலைத் துறைத் தரவின் 1ஆம் தேதி. 'இறுதி2' இமெர்க்கின் யூடிசி நாள். 'இறுதி_சரியானது' அரைமணிக் கோப்புகளை 8.30 கணக்கில் கூட்டியது. மூன்றின் அச்சிலும் எழுதியிருந்தது ஒன்றே: 'மழை (மி.மீ.), 1 டிசம்பர் 2015'. கடைசிப் படம்தான் கேட்ட கேள்விக்குப் பொருத்தமானது. ஆனால் அறிக்கைக்குள் போனது அதுவல்ல.

இதற்கு ஹாஷ் உதவாது என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்று படங்களின் தரவுக்கும் நிரலுக்கும் கைரேகை எடுத்து வைத்திருந்தாலும், 'மூன்றும் வேறு' என்பதோடு அது நின்றிருக்கும். ஏன் வேறு என்று சொல்ல, நாள் வரையறை நிரலின் உள்ளே எங்கோ ஒரு வரியில் ஒளிந்திருக்காமல் பதிவில் சொற்களாக நிற்க வேண்டும். அதனால் நாளின் தொடக்க நேரத்தைக் கட்டாய உள்ளீடாக்கினேன். கொடுக்காவிட்டால் நிரல் ஓடாது, தானாக ஊகித்துக்கொள்ளாது.

முத்திரை

பதிவின் வடிவத்தை யோசிக்கும்போது இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2013இல் வெளியிட்ட 'ப்ராவ்' எனும் பூர்வீகப் பதிவுத் தரத்தைப் படித்தேன். பொருள், செயல், செய்பவர் என்று மூன்று வகை. எந்தச் செயல் எந்தப் பொருளைப் பயன்படுத்தியது, எந்தப் பொருள் எந்தச் செயலால் பிறந்தது என்ற உறவுகள். யோசனை தெளிவாக இருக்கிறது. ஆனால் அதை முழுதாக எழுதினால் ஐந்து வரிச் செய்தி ஐம்பது வரியாகிறது. எங்கள் குழுவில் யாரும் படிக்க மாட்டார்கள். மூன்று வகைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முடிவுக் கோப்புக்கும் பக்கத்தில் ஜேசன் எனும் எளிய உரை வடிவில் ஒரு பதிவுக் கோப்பு எழுதும் சிறிய பைத்தான் தொகுதியைச் செய்தேன். புலப் பெயர்களையும் தமிழிலேயே வைத்தேன். ஒரு முடிவின் பதிவில் ஹாஷ்களை நீக்கிப் பார்த்தால் இப்படி இருக்கும்:

முடிவு: அடையாறு வடிநிலம், ஒருநாள் மழை, பட்டை வரைபடம்
உள்ளீடு: இமெர்க் அரைமணிக் கோப்புகள் 48, பதிப்பு 07, இறுதி ஓட்டம்
முதல் கோப்பின் தொடக்கம்: 2015-12-01 03:00:00 யூடிசி
கடைசிக் கோப்பின் முடிவு: 2015-12-02 02:59:59 யூடிசி
நாள் வரையறை: இந்திய நேரம் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை
அலகு: மி.மீ. (மூலத்தில் மி.மீ./மணி, 0.5ஆல் பெருக்கிக் கூட்டியது)
நிரல் நிலை: கமிட் செய்தது (கிட்டில் பதிந்தது), கூடுதல் மாற்றம் இல்லை

இதில் உள்ளீட்டுப் பட்டியல், எதைப் படிக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் அமைப்புக் கோப்பிலிருந்து வருவதில்லை. தரவைத் திறக்கும் வேலை முழுவதும் என் தொகுதியின் ஒரே செயற்கூற்றின் வழியாகத்தான் நடக்கும். அது திறக்கும்போதே ஹாஷ் எடுத்து எழுதிக்கொள்ளும். படிக்க நினைத்தது ஒன்று, படித்தது ஒன்று என்ற இடைவெளியில்தான் பெரும்பாலான குழப்பங்கள் நுழைகின்றன. திறந்த நொடியில் எழுதினால் அந்த இடைவெளி இல்லை.

தமிழ் எழுத்தில் சேமிக்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பைத்தானின் ஜேசன் தொகுதி, சொல்லாவிட்டால் தமிழ் எழுத்துகளை எல்லாம் யூனிகோடு எண்களாக மாற்றி எழுதிவிடும். கணினி படிக்கும், மனிதர் படிக்க முடியாது. ஆஸ்கி கட்டாயத்தை (ஆங்கில எழுத்துகளில் மட்டுமே எழுதுவதை) அணைக்கும் விருப்பம் ஒன்று இருக்கிறது, அதைக் கொடுத்தால் போதும். அதே பதிவை பிஎன்ஜி படத்தின் உள்ளேயும் பதித்தேன். பைத்தானில் படம் வரையும் தொகுதியான மேட்பிளாட்லிப், படத்தைச் சேமிக்கும்போதே அதற்கு இடம் தருகிறது. அங்கே மதிப்பு தமிழில் இருக்கலாம், ஆனால் குறிச்சொல் லத்தீன் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பது பிஎன்ஜி வடிவமைப்பின் விதி.

கமிட் செய்யாத மாற்றங்களோடு நிரலை ஓட்டினால் என்ன செய்வது? முதலில் ஓடவே விடக் கூடாது என்று தடை வைத்தேன். விளைவு, வாய்க்கு வந்த இரண்டெழுத்தைக் குறிப்பாகப் போட்டு எல்லோரும் கமிட் செய்யத் தொடங்கினார்கள். தடையை எடுத்துவிட்டு வேறு வழி செய்தேன். மாற்றங்கள் இருந்தால் அவற்றின் வேறுபாட்டுப் பட்டியல் முழுவதும் பதிவில் சேரும். படத்தின் நடுவே சாம்பல் நிறத்தில் 'வரைவு' என்று பெரிதாக விழும். கமிட் செய்து ஓட்டினால் அது மறையும். யாரையும் அதட்ட வேண்டியிருக்கவில்லை.

கணக்கிட்ட எண்களைச் சேமிக்கும் நெட்சிடிஎஃப் வடிவக் கோப்புகளில் வேலை சற்று எளிது என்று நினைத்தேன். அந்தக் கோப்புகளில் விவரங்களை எழுத வானிலைத் துறையினருக்குப் பழக்கமான சிஎஃப் மரபில் 'வரலாறு' என்று ஒரு பண்பே (தரவோடு ஒட்டியிருக்கும் விவரக் குறிப்பு) உண்டு. இக்கோப்புகளைக் கையாளும் என்சிஓ, சிடிஓ போன்ற கருவிகள் ஒவ்வொரு முறையும் தாங்கள் செய்ததை அதில் ஒரு வரியாகச் சேர்த்துவிடும். சிக்கல் பைத்தான் பக்கம் இருந்தது. இத்தகைய தரவைக் கையாள நாங்கள் பயன்படுத்திய பைத்தான் தொகுதியான எக்ஸ்அரேயின் பதிப்பில் ஒரு மாறியை 0.5ஆல் பெருக்கினாலே அலகு, வரலாறு உட்பட எல்லாப் பண்புகளும் உதிர்ந்துவிடும். பண்புகளைத் தக்கவைக்கும் விருப்பத்தைப் போட்டுப் பார்த்தேன். இப்போது உதிரவில்லை, ஆனால் பொய் சொன்னது. மி.மீ./மணி என்ற அலகு, பெருக்கிக் கூட்டிய பிறகும் மி.மீ./மணி என்றே நின்றது. உதிர்ந்துபோன பண்பாவது கண்ணில் பட்டு உறுத்தும். தங்கிவிட்ட தவறான பண்பு அறிக்கைவரை போய்ச் சேரும். ஆகவே தக்கவைக்கும் விருப்பத்தை அணைத்துவிட்டு, வரலாற்றை மட்டும் என் தொகுதி கையோடு எடுத்துச் செல்லும்படியும், அலகை ஒவ்வொரு படியிலும் நிரல் எழுதுபவரே சொல்ல வேண்டும் என்றும் வைத்தேன். அலகு சொல்லாத மாறியைச் சேமிக்க முடியாது.

மறு ஓட்டம்

பதிவு உண்மையில் பயன்படுமா என்று பார்க்க ஒரே வழி, அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேறொரு கணினியில் முடிவை மறுபடி உருவாக்குவது. செய்தேன். எண்கள் ஒத்துப்போயின; நெட்சிடிஎஃப் கோப்பின் ஹாஷ் ஒத்துப்போகவில்லை. வரலாற்றுப் பண்பில் ஓட்டிய நேரம் எழுதப்படுகிறது, அது ஒவ்வொரு முறையும் மாறும். பிடிஎஃப் படத்திலும் உருவாக்கிய தேதி தானாக ஏறுகிறது. எனவே முடிவுகளுக்கு இரண்டு கைரேகை: ஒன்று கோப்புக்கு, மற்றொன்று உள்ளே இருக்கும் எண்களுக்கு மட்டும். ஒப்பிடும்போது பார்ப்பது இரண்டாவதை.

அதுவும் எப்போதும் ஒத்துப்போகாது. மிதவைப்புள்ளி எண்களை (கணினி தோராயமாகச் சேமிக்கும் தசம எண்களை) கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கங்கள் மாறும். ஒரே நேரத்தில் ஓடும் பல இழைகளில் கூட்டினால் வரிசைக்கு உத்தரவாதம் இல்லை. கைரேகை மாறினால் 0.01 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று பார்க்கும் இரண்டாம் சோதனையை வைத்தேன். மழைமானியையே 0.1 மி.மீ.க்குத்தான் படிக்கிறார்கள், அதற்குக் கீழே சண்டை போட வேண்டியதில்லை.

கோப்புகளின் வரிசை வேறு விஷயம், அதில் தாராளம் கூடாது. பழைய ஸ்கிரிப்ட் கோப்புறையில் கிடைக்கும் வரிசைப்படி முதல் கோப்பு முதல் அரைமணி, இரண்டாவது இரண்டாம் அரைமணி என்று நேரம் ஒதுக்கியது. எண் பெயர்களை எழுத்து வரிசையில் அடுக்கினால் 1க்குப் பின் 10 வரும், 2 வராது. அடுக்காமல் விட்டால் இயங்குதளம் தரும் வரிசை, அது இடத்துக்கு இடம் மாறும். 2019இல் ஹவாய் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் கண்டது இதையேதான்: 2014இல் வெளியாகிப் பலரும் பயன்படுத்திய பைத்தான் ஸ்கிரிப்ட்கள், கோப்புகள் வரிசையாக வரும் என்று நம்பியதால், ஒரே தரவுக்கு வெவ்வேறு இயங்குதளங்களில் வெவ்வேறு விடை தந்தன. நாள் மொத்தத்தில் இது தெரியாது. மணிவாரி வரைபடத்தில் மழையின் உச்சம் இடம் மாறி நிற்கும். இப்போது நேரம் கோப்பின் உள்ளிருந்து மட்டுமே எடுக்கப்படுகிறது.

மதிப்பின் நிச்சயமின்மையைக் காட்டும் பிழைப்பட்டைகளைப் பூட்ஸ்டிராப் முறையில், அதாவது தரவிலிருந்து தற்செயலாகப் பலமுறை மாதிரி எடுத்து, கணக்கிடுகிறோம்; எனவே தற்செயல் எண்களின் வரிசையைத் தீர்மானிக்கும் விதை எண்ணும் பதிவில் ஏறியது. அது மட்டும் போதாது. பைத்தானின் கணக்குத் தொகுதியான நம்பையின் புதிய தற்செயல் எண் ஆக்கி, பதிப்புக்குப் பதிப்பு அதே வரிசையைத் தருவதாக உறுதி கூறுவதில்லை. விதையோடு நம்பையின் பதிப்பு எண்ணும் சேர்ந்தால்தான் அர்த்தம்.

கருவிகள் பற்றிக் கேட்பார்கள். எந்த வேலையை மறுபடி ஓட்ட வேண்டும் என்பதை 'மேக்' கருவி, கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைப் பார்த்து முடிவெடுக்கிறது. கிட்டிலிருந்து புதிதாக எடுத்தாலே நேரம் மாறிவிடும், எனவே பூர்வீகத்துக்கு அதை நம்ப முடியாது. தரவையும் நிரலையும் சேர்த்துப் பதிந்து வைக்கும் டேட்டாலாட் உண்மையில் நல்ல கருவி. ஓட்டிய கட்டளையையே கமிட்டோடு சேர்த்து, பிறகு மறுபடி ஓட்டவும் விடுகிறது. ஆனால் அதன் அடியில் இருக்கும் கிட்-அனெக்ஸ் கோப்புகளுக்குப் பதில் இணைப்புகளை வைக்கிறது. விண்டோஸில் வேலை செய்பவர்கள் பாதிப் பேர் இருக்கும் குழுவில் அதைப் புகுத்த எனக்குத் துணிவில்லை. தனியாக லினக்ஸில் வேலை செய்பவர் நான் எழுதியதை எழுதாமல் நேராக அதற்கே போகலாம்.

ஒரு ஓட்டை பாக்கி இருந்தது. எங்கள் படங்கள் அதிகம் பயணிப்பது வாட்ஸ்அப்பில். அங்கே சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, உள்ளே பதித்த பதிவு போய்விடும். விளக்கக்காட்சியில் திரைப்பிடிப்பாக ஒட்டினாலும் அதே கதி. எனவே பதிவின் ஹாஷில் முதல் எட்டு எழுத்துகளைப் படத்தின் அடியில், அச்சுத் தலைப்புக்கு நெருக்கமாக அச்சிடுகிறேன். ஓரத்தில் வைத்தால் அழகுக்காக வெட்டிவிடுகிறார்கள். அச்சுத் தலைப்பை யாரும் வெட்டுவதில்லை. அந்த எட்டு எழுத்தைக் கொடுத்தால் பதிவைத் தேடித் தரும் கட்டளை ஒன்று சர்வரில் இருக்கிறது.

அறிக்கையில் 'இறுதி2' இருந்த இடத்தில், நாள் வரையறையை அச்சிலேயே எழுதிய புதிய படம் போயிருக்கிறது. முத்திரை இல்லாத பழைய படங்கள் அனைத்தும் தனிக் கோப்புறைக்கு மாற்றப்பட்டன. அங்கிருந்து எதையும் எடுத்துப் பயன்படுத்தலாகாது. தீராமல் இருப்பது மழைமானி நிலையங்களின் அட்டவணை. காகிதப் பதிவேட்டைப் பார்த்து எக்செல்லில் தட்டச்சு செய்தது அது. கோப்புக்குக் கைரேகை இருக்கிறது, காகிதத்துக்கு இல்லை. பதிவேட்டின் பக்கங்களைப் படமெடுத்து, அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் பக்க எண் சேர்க்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம்.